சிட்டா கைக்கு வந்துவிட்டது, அலைச்சல் தீரவில்லை

கும்பகோணம் பக்கத்து நண்பர் கேட்டார்: "எஸ்டோனியாவுல அரசு வேலையெல்லாம் வீட்டுலேருந்தே முடியுதாமே, நம்ம சிட்டா தளம் அதுக்குக் கிட்ட வருமா?"

நிலம் யார் பேரில், எவ்வளவு என்று காட்டும் அந்தச் சிட்டாவை எடுப்பதை மட்டும் கேட்டால், வரும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, கைபேசிக்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். காசும் இல்லை. உட்பிரிவான நிலமென்றால் பழைய பட்டா எண்ணோடு மல்லுக்கட்டாமல் புல எண்ணில் தேடுங்கள். பரப்பு 0 - 13.50 என்று இருந்தால் பதற வேண்டாம். முன்னது ஹெக்டேர், பின்னது ஏர். பதின்மூன்றரை ஏர், அதாவது 33 சென்ட். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மா.

எரிச்சல் அந்தத் தாளின் அடியில் இருக்கிறது. சரிபார்க்கக் குறிப்பு எண்ணும் கியூஆர் கோடும் அங்கே அச்சாகியிருக்கும். தட்டிப் பார்த்தால் நிலம் யார் பேரில் என்று அந்த நிமிடமே தெரியும். யார் தட்டுகிறார்கள்? பயிர்க் காப்பீட்டுக்குப் போனால் சிட்டா நகல், என்ன பயிர் என்று காட்டும் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அரசு தந்த தாளை அரசுக்கே காட்ட ஜெராக்ஸ் கடைக்கு நடை. ஸ்கேனைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றினால் கியூஆர் கோடு கரிக்கட்டையாகிவிடும். அப்புறம் அது எதற்கு?

எஸ்டோனியாவில் 2001 முதல், துறைகளின் பதிவேடுகளை இணைக்கும் எக்ஸ்-ரோடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்டவில்லை. அவரவர் பதிவேடு அவரவரிடம். ஒரு துறை கேட்டால் இன்னொரு துறை நேராகப் பதில் சொல்லும். ஒருமுறை கொடுத்த விவரத்தை மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. சிங்கப்பூர் அரசின் மைஇன்ஃபோ சேவையும் படிவத்தைத் தானே நிரப்பிவிடும். எஸ்டோனியாவில் இது நடப்பதற்குக் காரணம் 11 இலக்கத் தனிநபர் எண். பதிவேடுகளைக் கோப்பது அதுதான். நம் சிட்டாவில் இருப்பது பெயரும் தகப்பனார் பெயரும். பட்டாவில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று. பல பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே. எதை வைத்துக் கோப்பது? இப்போது தரும் விவசாயி அடையாள எண் உதவலாம். பல பேர் பேரில் இருக்கும் கூட்டுப் பட்டாவில்தான் இடறும்.

அங்கேயும் ஓட்டை உண்டு. 2017 நவம்பரில் அடையாள அட்டையின் சிப்பில் கோளாறென்று ஏழரை லட்சம் அட்டைகளுக்கு மேல் சான்றிதழை முடக்கினார்கள். தாள் முடங்காது, உண்மைதான்.

மதிப்பெண்ணா? தளத்துக்கு ஐந்துக்கு நாலரை என்றுதான் எழுத வந்தேன். நகல் வரிசை ஞாபகம் வந்தது, இரண்டாகக் குறைத்துவிட்டேன். சம்பா காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15தான் கெடு. சிட்டாவை அக்டோபரிலேயே இறக்கி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.