மூன்று வருடமாக வீட்டிலேயே கொத்து, ரோல்ஸ், டெவில்: எது நிலைத்தது, எதைக் கைவிட்டோம்

நாங்கள் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில், டிக்கோயாவில் இருக்கிறோம். மாதத்துக்கு மூன்று நான்கு தடவையாவது ஹட்டன் டவுனுக்குப் போய் கொத்து வாங்கி வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். மழை நாளில் அந்தப் பார்சலைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்கு ஈடு கிடையாது, அதை இன்றைக்கும் சொல்வேன்.

2022 கடைசியில் அம்மாவுக்குச் சீனி வியாதி என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கொத்து வாங்கி வந்தால் அம்மா தன் பங்கை அப்படியே பேரனின் தட்டில் தள்ளிவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எனக்கு முடியவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே சட்டியில் இருந்து சாப்பிட வேண்டும் என்றுதான் கடைச் சாப்பாட்டை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன், வேறு எந்தப் பெரிய திட்டமும் இல்லை. என் மனைவி வாரத்தில் ஐந்து நாளும் பள்ளிக்கூடம் போகிறவர், அதனால் சனி ஞாயிறு அடுப்படி என் பொறுப்பு. மூன்று வருடமாகப் பார்த்ததை எழுதுகிறேன். அம்மாவும் சாப்பிட வேண்டும், பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், இந்த இரண்டும் நடந்தால்தான் என் கணக்கில் அது வெற்றி.

முதலில் கொத்து, ஏனென்றால் அதிகம் செய்ததும் அதிகம் கெடுத்ததும் அதுதான். ஆரம்பத்தில் வெள்ளைக் கோதுமை மாவை முழுசாக விட்டுவிட்டு ஆட்டா மாவில் மட்டும் ரொட்டி போட்டேன். ஆறியதும் அட்டை மாதிரி ஆகிவிட்டது, வெட்டினால் தூளாக உதிர்ந்தது, மகன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "அப்பா, கடைக்கே போவோமா" என்றான். ஆட்டாவில் இருக்கிற தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், இங்கே குளிரில் இன்னும் மெதுவாக. இப்போது பாதி ஆட்டா, பாதி கோதுமை மா, சுடுதண்ணீர் விட்டுக் கொஞ்சம் தளர்வாகவே பிசைந்து, ஈரத்துணியால் மூடி ஒரு மணித்தியாலம் அடுப்புப் பக்கமாக வைத்துவிடுவேன். ரொட்டி மெத்தென்று வருகிறது.

ஆனால் பெரிய மாற்றம் மாவில் இல்லை, அது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. ஆட்டா மாவும் மாச்சத்துதான், அது ஒன்றும் மருந்து இல்லை. மாற்ற வேண்டியது அளவு. கடைக் கொத்தில் தட்டு நிறைய ரொட்டி இருக்கும், லீக்ஸும் கரட்டும் நிறத்துக்கு மட்டும் இருக்கும். நுவரெலியா மரக்கறி லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிற நாட்டில் நாம் ஏன் இப்படிச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இப்போது எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து ரொட்டிதான். அதோடு கால் கிலோ லீக்ஸ், கால் கிலோ கோவா, இரண்டு பெரிய கரட், நான்கு முட்டை, கோழிக்கறி. எண்ணெய் மொத்தமே இரண்டரை மேசைக்கரண்டி. கடைக் கொத்தை விட இதில் ரொட்டி பாதிதான் இருக்கும், ஆனால் தட்டு அதே அளவு நிறைந்து நிற்கும்.

மரக்கறி கூடினால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும் என்பது நியாயமான பயம். அதற்கு நான் கண்ட வழி: ரொட்டியைக் காலையிலேயே சுட்டு ஆறவைத்துப் பின்னேரம் வெட்டுவேன், ஆறின ரொட்டி குழம்பைக் குடித்துக் குழையாது. இரும்புத் தாச்சியை நன்றாகக் காயவைத்துவிட்டு மரக்கறியை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுவேன், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் அது வதங்காது, ஆவியில் அவியும். உப்பு கடைசியில். உப்பு முதலில் விழுந்தால் கோவா தண்ணீர் விட்டுவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அந்த லேசான கருகல் வாசனை இருக்கிறதே, கொத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அது வந்துவிட்டால் எண்ணெய் குறைந்தது யாருக்கும் தெரிவதில்லை.

கோழிக்கறிக் குழம்புக்குத் தேங்காயின் முதற்பாலை விட்டுவிட்டேன், இரண்டாம் பால் மட்டும். குழம்பு தண்ணியாக இருக்கிறது என்று முதலில் குறை வந்தது. ஒரு அவித்த உருளைக்கிழங்கை நசுக்கிக் கலந்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் யாரும் கேட்கவில்லை.

டெவில் கோழி இரண்டாவது வெற்றி. கடையில் கோழியை மாவில் பிரட்டி, எண்ணெயில் பொரித்து, போத்தல் தக்காளி சோஸும் சீனியும் போட்டுப் பிரட்டுவார்கள். நான் தோலை எடுத்துவிட்டு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வினிகர் பூசி இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, எயார் ஃப்ரையரில் (சூடான காற்றால் பொரிக்கிற மின்கருவி) 200 பாகையில் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வைப்பேன், நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். சோஸுக்கு நான்கு பழுத்த தக்காளியைத் தோல் நீக்கிச் சுருள வதக்கி, ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் வினிகர். கறிமிளகாயும் பெரிய வெங்காயமும் பெரிதாக வெட்டி, கடைசியில், கடித்தால் சத்தம் வருகிற பதத்தில் இறக்க வேண்டும். இதில் நான் எதையும் விட்டுக்கொடுத்ததாக நினைக்கவில்லை, கடையை விட இதுதான் எனக்குப் பிடிக்கிறது. சோயா சோஸை மட்டும் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நான் ஒரு சட்டிக்கு இரண்டு தேக்கரண்டி விடுகிறேன், வேறு உப்பு போடுவதில்லை.

எயார் ஃப்ரையரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்களுடையது நாலு லீற்றர், 1500 வாட். அரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிற், அதனால் கரண்ட் பில்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் மின்சாரம் குறைந்து வருவது வழக்கம். அந்த நேரத்தில் சூடு சரியாக ஏறாது, 230 வோல்ற்றுக்குப் பதிலாக 200 வந்தாலே சூட்டில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருப்பது இருபது நிமிடம் ஆகும், இறைச்சி காய்ந்து போகும். ஆகவே பகலிலேயே செய்துவிடுவது நல்லது. உள்ளே இருக்கிற கூடையின் பூச்சு ஒன்றரை வருடத்தில் உரிய ஆரம்பித்தது, கம்பித் தும்பால் தேய்த்ததால் வந்த வினை. புதுக் கூடை வாங்கிய பிறகு பஞ்சு மட்டும்தான்.

ரோல்ஸ் விஷயத்தில் பாதி வெற்றி, பாதி தோல்வி. பொரிக்காத ரோல்ஸ் முதலில் வெளிறிப்போய், மேலே மாவு ஒட்டின மாதிரி வந்தது. "என்னய்யா இது, சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு" என்றார் அம்மா. அப்புறம் ரஸ்க் தூளை முதலில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்து, அதற்குப் பிறகு முட்டையில் தோய்த்த ரோல்ஸில் பிரட்டினேன். அன்றைக்குத்தான் நிறமும் வந்தது, மொறுமொறுப்பும் வந்தது. பன்னிரண்டு ரோல்ஸுக்கு அவ்வளவு எண்ணெய்தான். உள்ளே டின் மீனும் உருளைக்கிழங்கும், கிழங்கில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து லீக்ஸ் சேர்ப்பேன், மிளகு தாராளமாக.

தோல்வி எங்கே என்றால், ஆறினால். பொரித்த ரோல்ஸ் ஆறினாலும் ஓரளவு தாங்கும், இது இங்கத்தைக் குளிரில் அரை மணித்தியாலத்தில் தோல் மாதிரி இழுபடும். மகளின் பிறந்தநாளுக்கு அறுபது ரோல்ஸ் செய்யப் போய் அதைப் பட்டறிந்தேன். ஒரு தடவைக்கு ஆறுதான் போகும், ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நிமிடம், மொத்தம் இரண்டு மணித்தியாலம். கடைசி ஆறு வெளியே வரும்போது முதல் ஆறு விறைத்துப் போயிருந்தது. வந்தவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள், எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அண்ணி வீட்டு ஓவனை வாங்கிவந்து ஒரே தட்டில் முப்பது வைத்து, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு சூடாக எடுத்தேன். தட்டு காலி. வீட்டில் நாலைந்து பேருக்கு எயார் ஃப்ரையர் போதும், விருந்துக்கு அது உதவாது.

ஃப்ரைட் ரைஸ். சிவப்பரிசியில் முழுசாகச் செய்து பார்த்தேன், பிள்ளைகள் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பாதி சிவப்பு, பாதி சம்பா, இரண்டையும் தனித்தனியாக அவித்துக் கலக்க வேண்டும், ஏனென்றால் வேகிற நேரம் வேறு. சோறும் மரக்கறியும் சரிபாதி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் வடித்த சோறுதான் பொரியலுக்கு நல்லது என்று நம் வீடுகளில் இரவு முழுக்கச் சட்டியோடு வெளியே வைத்துவிடுவோம், குளிர் ஊர்தானே என்று நினைப்போம். நம் அடுப்படி குளிர் என்றாலும் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் இல்லை. வெந்த சோற்றிலும் சாகாமல் இருக்கிற ஒருவகைக் கிருமி உண்டு, சோறு வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிய பழைய சோறு வேறு கதை, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

கேக் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. கரட் கேக்தான் பிள்ளைகளின் விருப்பம், கரட்டுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் எந்தச் செய்முறையைப் பார்த்துச் செய்தாலும் அழகாக எழும்பிவிட்டு நடுவில் குழி விழுந்தது. அடுப்பில் குறை என்று நினைத்தேன். உயரம்தான் காரணம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர், காற்றழுத்தம் குறைவு, கேக் இறுகுவதற்கு முன்பே உள்ளே இருக்கிற வாயு விரிந்து உடைந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் கால்வாசி குறைத்தேன், நின்றுவிட்டது. சீனியை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம், யாருக்கும் தெரியாது. பாதியாகக் குறைத்தேன், மறுநாளே காய்ந்து உதிர்ந்தது, ஏனென்றால் கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சீனிதான். பட்டர் ஐசிங்கை விட்டுவிட்டோம், அதற்குப் பதில் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் தேசிக்காய்த் தோல் துருவிப் பூசுகிறோம். அம்மாவுக்கு ஒரு சின்னத் துண்டு. அது போதும் என்கிறார்.

குடிப்பதற்குச் சோடா வகைகளை விட்டுவிட்டு தேசிக்காய்த் தண்ணி, கொடித்தோடை. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தலில் நிறப் புள்ளி போடுகிறார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மகள் இப்போது கடையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு அதிக சந்தோஷம் தந்தது இதுதான்.

விருந்துக்கு வருகிறவர்கள் முதலில் காலி செய்வது எது தெரியுமா, தாளித்த கடலை. தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய், கருவேப்பிலை. இரவு ஊறவைத்துக் குக்கரில் அவிக்க வேண்டும், சும்மா சட்டியில் அவித்தால் நம் ஊரில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடுவதால் நேரம் ஆகிக்கொண்டே இருக்கும். இது நம் கோயில் சாப்பாடு, நம் தோட்ட லயத்துச் சாப்பாடு, இதை ரோல்ஸுக்குப் பக்கத்தில் வைக்க நான் ஏன் இவ்வளவு காலம் கூச்சப்பட்டேன் என்று இப்போது கவலையாக இருக்கிறது.

கைவிட்டவையும் உண்டு. புரியாணியைக் குறைந்த நெய்யில் இரண்டு தடவை செய்தேன், அது புரியாணி இல்லை, மஞ்சள் சோறு. வருடத்துக்கு இரண்டு தடவை உண்மையான புரியாணி சாப்பிட்டுக்கொள்கிறோம். வட்டிலப்பத்தைத் தொடவே இல்லை. பற்றிஸ் (உள்ளே கறி வைத்து மடித்துப் பொரிக்கிற பண்டம்) இன்னும் சரியாக வரவில்லை. எண்ணெயில்லாமல் சுட்டால் மேல் மா பிஸ்கட் மாதிரி ஆகிறது, பட்டரைக் கூட்டினால் சரிவரும், ஆனால் அப்படிச் செய்வதற்குப் பொரித்துவிட்டே போகலாம்.

அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் எண்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன. மாத்திரையையும் தவறவிடுவதில்லை, பின்னேரம் றோட்டில் நடக்கவும் செய்கிறார், ஆகவே சாப்பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு உளுந்து வடையையும் எயார் ஃப்ரையரில் போடலாமா என்று கேட்டேன். "வடைய மட்டும் விட்டுருய்யா, அது எண்ணெயிலதான் வேகணும். எனக்கு ஒண்ணு போதும்" என்றார். எண்ணெயில்தான் பொரித்தோம், ஆளுக்கு ஒன்றரை வந்தது, அம்மா தன் ஒன்றைச் சூடாகவே சாப்பிட்டார்.