மாணவர் வெற்றியைக் கணிக்கும் மென்பொருள்: ஒரு வகுப்பு ஆலோசகரின் மதிப்புரை

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வகுப்பு ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். எந்த மாணவர் நல்ல தேர்ச்சி பெறுவார், யாருக்கு அரியர் விழும், யார் படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணிப்பு மென்பொருள் ஒன்றை எங்கள் நிர்வாகம் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கியது. ஒரு கல்வியாண்டு முழுவதும் அதைப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதே வகைச் சேவையை விற்கும் நிறுவனங்கள் பல இருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் வகுப்பின் பெயர்ப்பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் அருகில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தைத் தொட்டால் அந்த நிறத்துக்குக் காரணமானவை பட்டைகளாகத் தெரியும்: பிளஸ் டூ கட்-ஆஃப், பயிற்று மொழி, முதல் பட்டதாரியா என்ற விவரம், வருகைப் பதிவு, இன்டர்னல் மதிப்பெண், கல்லூரியின் இணையப் பாடத்தளத்தில் எத்தனை முறை நுழைந்தார் என்ற கணக்கு. திரை எளிமையாக இருக்கிறது, வேகமாகவும் இயங்குகிறது. கைப்பேசியிலும் தடங்கலின்றித் திறக்கிறது.

இதன் மிகச் சிறந்த பகுதி வருகைப் பதிவைக் கையாளும் விதம். கல்லூரி மாணவரின் மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளில் வகுப்புக்கு ஒழுங்காக வருவது மிக வலுவானது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2010-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நம் கல்லூரிகளிலோ 75 விழுக்காடு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பருவ இறுதியில் கணக்கிட்டு, குறைந்தவர்களைத் தேர்வெழுத விடாமல் நிறுத்திவைப்பதோடு வருகைப் பதிவேட்டின் வேலை முடிந்துவிடுகிறது. இந்த மென்பொருள் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே விடுப்புகளைத் தேதிவாரியாக வரைந்து காட்டுகிறது.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஆவணி மாதத்தில் சிவப்பு வட்டம் விழுந்தது. புரட்டாசியில் அது மஞ்சளாக மாறி, ஐப்பசியில் மீண்டும் சிவந்தது. அவருடைய விடுப்புத் தேதிகளைத் துறை அறையில் தொங்கும் நாள்காட்டியோடு ஒப்பிட்டபோது, அவை அனைத்தும் முகூர்த்த நாள்களாகவோ அவற்றுக்கு மறுநாளாகவோ இருந்தன. அழைத்துப் பேசியதில், கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் இரவு முழுவதும் பந்தி பரிமாறிவிட்டு வருவதாகவும், தங்கையின் பள்ளிக் கட்டணம் அந்தக் கூலியிலிருந்துதான் போவதாகவும் சொன்னார். புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் அந்த மாதம் ஒழுங்காக வந்திருக்கிறார். துறைத் தலைவரிடம் பேசி, மாலையில் ஆய்வக உதவிப் பணி ஒன்றை அவருக்கு ஏற்பாடு செய்தோம். அந்தப் பருவத்தில் அவர் எல்லாத் தாள்களிலும் தேறினார். மென்பொருள் இல்லாமல் அவரை நான் இவ்வளவு சீக்கிரம் கவனித்திருக்க மாட்டேன். அதே சமயம், காரணத்தைக் கண்டறியும் வேலை மென்பொருளால் ஆகாது. அதற்கு நாள்காட்டியைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இன்டர்னல் மதிப்பெண்ணைப் பொறுத்தவரையும் கணிப்பு நன்றாகவே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்படி எழுத்துத் தாள்களுக்கு 40 மதிப்பெண் அகமதிப்பீட்டிலிருந்து வருவதால், முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததுமே இறுதி முடிவின் கணிசமான பகுதி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு மென்பொருள் காட்டும் நிறங்களை நான் பெரும்பாலும் நம்புகிறேன்.

அதற்கு முந்தைய நிறங்களை நம்பவில்லை. முதல் பருவத்தின் தொடக்கத்தில் அதன் கையில் இருப்பவை, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கூட்டிய 200-க்கான கட்-ஆஃபும், குடும்பப் பின்னணியும் மட்டுமே. உயர்ந்த கட்-ஆஃப் பெற்றவருக்குப் பச்சை விழுகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு மஞ்சளோ சிவப்போ விழுகிறது. ஆங்கிலப் பாடநூல்களோடு முதல் பருவத்தில் மல்லாடும் தமிழ்வழி மாணவர்கள் மூன்றாம் பருவத்துக்குள் மற்றவர்களோடு சமமாக வந்துவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பச்சை வட்டத்தோடு வந்து, பொறியியல் கணிதத்தில் தடுமாறியவர்களை அதே நிறம் மறைத்துவிட்டதையும் இந்த ஆண்டு பார்த்தேன்.

என்னை மிகவும் வருத்தியது முதல் பட்டதாரி விவரத்தை அது பயன்படுத்தும் முறைதான். தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது என்பதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிக் கொடுத்த சான்றிதழ், அதே மாணவருக்கு ஆபத்துக் காரணியாகப் பதிவாவது நியாயமே அல்ல. தம் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை ஒரு மாணவரால் மாற்ற முடியாது. மாற்ற முடியாத ஒன்றைக் காட்டிச் சிவப்பு வட்டம் போடும்போது, ஆசிரியரும் தம்மை அறியாமல் அந்த மாணவரிடம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இத்தகைய மென்பொருள்கள் மாணவரின் இனத்தையே ஒரு காரணியாக எடுத்துக்கொள்வது 2021-இல் வெளிவந்து கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இங்கே பயிற்று மொழியும் முதல் பட்டதாரி என்ற விவரமும் அதே வேலையைச் செய்கின்றன. அமைப்புகள் பக்கத்தில் இவ்விரண்டையும் நீக்க வழி இருக்கிறது. ஆனால் நாமாகத் தேடிப் போய்த்தான் நீக்க வேண்டும்.

பாடத்தளத்தில் நுழையும் கணக்கும் நம் ஊருக்குப் பொருந்தவில்லை. எங்கள் வகுப்பில் ஒருவர் பாடக் குறிப்புகளைப் பதிவிறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். மற்ற அனைவரும் அங்கிருந்தே படிப்பார்கள். மென்பொருளின் கணக்கில் அந்த ஒருவர் மட்டும் ஊக்கமுள்ளவர், மீதிப் பேர் அக்கறையற்றவர்கள்.

பெற்றோருக்குத் தானாகச் செல்லும் குறுஞ்செய்தியை முதல் வேலையாக நிறுத்திவிட வேண்டும். மகள் படிப்பில் ஆபத்து நிலையில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் வந்த செய்தியை யாரோ படித்துச் சொல்ல, ஒரு தாய் வேலையைப் போட்டுவிட்டுத் திருவள்ளூரிலிருந்து ரயில் பிடித்துக் கல்லூரிக்கு ஓடி வந்தார். அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்த நாள்களின் விடுப்பு அது. விடுப்புக் கடிதமும் எங்களிடம் இருந்தது. அந்தத் தாயைச் சமாதானப்படுத்தி அனுப்ப நெடுநேரம் ஆனது.

விற்பனைப் பிரதிநிதி தொண்ணூறு விழுக்காடு துல்லியம் என்று சொன்னால் அதை அப்படியே ஏற்கக் கூடாது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆறு பேர் தவறுகிறார்கள் என்றால், எல்லோரும் தேறுவார்கள் என்று கண்ணை மூடிச் சொன்னாலே தொண்ணூறு விழுக்காடு சரியாகிவிடும். தவறிய அந்த ஆறு பேரில் எத்தனை பேரை முன்கூட்டியே அடையாளம் காட்டியது, வீணாகச் சிவப்புப் போட்டது எத்தனை பேருக்கு என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய, போக்குவரத்து விளக்கு நிறங்களைக் காட்டும் முறை மாணவர்களைத் தக்கவைத்தது என்று பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கணக்கிலேயே பிழை இருக்கக்கூடும் என்று 2013-இல் சிலர் கேள்வி எழுப்பினார்கள்: கல்லூரியில் நீடித்தவர்கள் இயல்பாகவே அம்முறை உள்ள வகுப்புகளை அதிகம் எடுத்திருப்பார்கள் அல்லவா? ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளைக் கண்காணித்து நல்ல பலன் கண்டது உண்மை. ஆனால் அங்கே மென்பொருளோடு கூடவே ஆலோசகர்களையும் பெருமளவில் நியமித்தார்கள்.

என் பரிந்துரை இது. வருகைப் பதிவுக்கும் இன்டர்னல் மதிப்பெண்ணுக்குமாக மட்டும் இதை வாங்கலாம். அந்த அளவில் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு. பின்னணி விவரங்களை நீக்கிவிட்டு, முதல் இன்டர்னல் முடியும்வரை நிறங்களை ஆசிரியர்களுக்கே காட்டாமல் வைத்திருப்பது நல்லது. சிவப்பு விழும் மாணவரோடு உட்கார்ந்து பேச வகுப்பு ஆலோசகருக்கு வாரத்தில் சில பாடவேளைகளை ஒதுக்கித் தராத கல்லூரி, இதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் சந்தாவைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது; அந்தப் பாடவேளைகளை அட்டவணையில் சேர்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.