ராத்கோவா, பொல்லாக்கா, ஆல்பர்ஸா: வீட்டுச் சுவருக்கு எந்த நகல்?

அரூப ஓவியத்தின் (எந்த உருவத்தையும் காட்டாமல் நிறமும் கோடும் வடிவமுமாக வரைந்த படத்தின்) அச்சு நகல் ஒன்றை வாங்கிச் சட்டம் போட நினைக்கிறீர்கள் என்றால், முதலில் மூல ஓவியத்தின் நீள அகலத்தைத் தேடிப் பாருங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். இதைப் பார்க்காமல் வாங்கி நான் வருந்தியிருக்கிறேன்.

நான் வாங்கியது அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1953இல் வரைந்த ‘எண் 61 (துருவும் நீலமும்)’. மூலம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது, ஏறத்தாழ 2.9 மீட்டர் உயரம், 2.3 மீட்டர் அகலம். என் வீட்டுக்கு வந்தது 60 செ.மீ. உயரம். பரப்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ராத்கோ தன் படங்களுக்கு அருகில், சுமார் 45 செ.மீ. தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னவர். அப்படி நின்றால் நிறம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும், படத்தின் ஓரம் கண்ணுக்கே தெரியாது. என் நகலின் முன் அவ்வளவு நெருங்கி நின்றபோது படமும் சட்டமும் சுவரும் ஆணியும் ஒன்றாகத் தெரிந்தன. அவர் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, அடியில் இருப்பது மேலே கசியும்படி அடுக்கடுக்காகப் பூசியவர். அச்சில் அத்தனை அடுக்கும் ஒன்றாகிவிடுகிறது. அதற்கு மேல் கண்ணாடி வேறு. கருநீலப் பகுதி நிலைக்கண்ணாடியைப் போலாகி, எதிரே இருக்கும் ஜன்னல் கம்பிகளையும் சுழலும் மின்விசிறியையும் காட்டியது. தன் ஓவியங்களுக்குச் சட்டமே வேண்டாம் என்று, கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்புவரை வண்ணம் பூசியவரின் படத்துக்கு நான் இப்படிச் செய்துவிட்டேன்.

ஜாக்சன் பொல்லாக்கின் கதை கொஞ்சம் தேவலை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘இலையுதிர்கால லயம் (எண் 30)’ 1950இல் வரையப்பட்டது. அகலம் 5 மீட்டருக்கும் மேல். கேன்வாஸைத் தரையில் விரித்து, எனாமல் பெயிண்டைச் சொட்டியும் சுழற்றியும் ஊற்றிய படம். 90 செ.மீ. அகல நகலில், மூலத்தில் ஒரு செ.மீ. தடிமனுள்ள கோடு 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. வண்ணம் உறைந்து மேடிட்டிருப்பதும் தெரியாது. ஆனாலும் கோடுகளின் பின்னல் மிஞ்சுகிறது. கண் அதில் அலைய முடிகிறது. முழுப் படத்தையும் சுருக்குவதைவிட, ஒரு மூலையை மட்டும் மூல அளவிலேயே அச்சிட்ட பகுதி நகல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். படத்தை வெட்டுவது தவறு என்பார்கள். பொல்லாக் விஷயத்தில் சுருக்குவது அதைவிடப் பெரிய சேதம் என்பது என் கருத்து.

ஃபிரான்ஸ் கிளைனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் சுருக்கத்தை நன்றாகவே தாங்கும். தொலைபேசி விவரப் புத்தகத்தின் தாள்களில் வரைந்த சிறு படங்களைப் பெரிதாக்கியே அவற்றில் பலவற்றை உருவாக்கினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவருடைய வெள்ளையும் தூரிகையால் பூசியது. வெறும் தாளின் வெண்மையாக அச்சாகியிருந்தால் வாங்க வேண்டாம்.

இந்த வரிசையில் என் தேர்வு ஜோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியிலிருந்து 1933இல் அமெரிக்கா சென்றவர். 62 வயதில், 1950இல், ‘சதுரத்துக்கு அஞ்சலி’ வரிசையைத் தொடங்கி 1976இல் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். ஹார்ட்போர்டு பலகையில், ட்யூபிலிருந்து எடுத்த வண்ணத்தைக் கலக்காமல் கத்தியால் தடவுவார். எந்த நிறுவனத்தின் எந்த வண்ணம் என்பதைப் பலகையின் பின்பக்கம் எழுதிவைப்பார். சதுரத்துக்குள் சதுரம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பது நடுவில் இருக்காது. ஒரு சதுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கீழே ஒரு பங்கு என்றால் பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சதுரங்கள் கீழ்நோக்கி அமர்ந்திருப்பதுபோல் தோன்றுவதன் காரணம் புரியும்.

இவற்றில் பல பலகைகள் 16 அங்குலம், அதாவது சுமார் 40 செ.மீ. சதுரம்தான். ஆகவே மூலம் எந்த அளவோ அதே அளவில் நகலை வீட்டில் மாட்டலாம். ராத்கோவிலும் பொல்லாக்கிலும் இது நடக்காத காரியம். அச்சும் ஆல்பர்ஸுக்கு அந்நியம் அல்ல. அவரே ஏராளமாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்தவர். ஆபத்து ஒன்று உண்டு. பக்கத்து நிறத்தால் ஒரு நிறம் எப்படி மாறித் தெரிகிறது என்பதே இந்தப் படங்களின் உயிர். ஒரு சதுரத்தின் மஞ்சள் சற்றே பச்சைப் பக்கம் சாய்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். சிறு மாதிரி அச்சு கேட்டு வாங்கி, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இனி, தாளா கேன்வாஸா? தாள் என்பேன். கேன்வாஸில் அச்சிடும்போது படம் சுருங்குகிறது, துணியின் இழை சுருங்குவதில்லை. அந்தச் சொரசொரப்பு பொய்யாக உறுத்துகிறது. ஆல்பர்ஸுக்கோ துணியே பொருந்தாது. பளபளப்பில்லாத, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அளவிலான பருத்தித் தாளில் நிறமி மையால் (பிக்மென்ட் இங்க்) அச்சிட்டதைக் கேளுங்கள். சாய மை (டை இங்க்) சீக்கிரம் வெளுக்கும். பிரேம் கடையில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். தாள் நேரடியாகக் கண்ணாடியைத் தொட்டால், மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்.

வெயில் படும் சுவரும் வேண்டாம். ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரும் படங்கள் 1964இல் ஜன்னல்கள் நிறைந்த உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. அவற்றில் இருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயிலில் வெளிறிப்போய், 1979இல் இறக்கிவைத்தார்கள். 2014இல் புரொஜெக்டரால் வண்ண ஒளி பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்ட முடிந்தது.

என் ராத்கோவையும் இறக்கிவிட்டேன். அதே ஆணியில் இப்போது 40 செ.மீ. ஆல்பர்ஸ், மஞ்சளும் சாம்பலும். காலை வெளிச்சத்தில் நடுச் சதுரம் முன்னால் வந்து நிற்கிறது. மாலையில் டியூப்லைட் போட்டதும் உள்ளே போய்விடுகிறது.