ரம்மிக் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

ஆன்லைன் ரம்மியிலும் கிரிக்கெட் பெட்டிங்கிலும் விட்ட பணத்தைப் பிடிக்க லோன் ஆப், கிரெடிட் கார்டு, நகைக்கடன், கைமாற்று என்று வாங்கி, எந்தத் தவணை எந்தத் தேதி என்றே தெரியாத நிலைக்கு வந்தவர் ஒருநாள் இரவு போனில் "கடனிலிருந்து மீள வழி" என்று தேடுவார். அடுத்த நாளே விளம்பரம் வரத் தொடங்கும். பெயர், எண், மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்கும் சின்னப் படிவம். நிரப்பியதும் அழைப்பு வரும்.

அழைப்பவர் அன்பாகப் பேசுவார். வீட்டில் திட்டும் வெளியில் மிரட்டலும் கேட்டு நொந்துபோனவருக்கு அந்தக் குரலே பெரிய ஆறுதல். "ஆறு லட்சத்தை மூன்றில் முடித்துத் தருகிறோம். இனி எங்கள் வக்கீல் பேசுவார். நீங்கள் தவணை கட்டுவதை நிறுத்துங்கள், பழைய சிம்மைக் கழற்றி வையுங்கள்." இந்த இடத்திலேயே உஷாராகிவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கடன், மொத்தம் 6 லட்சம். பதிவுக் கட்டணம் 5,000, மாதச் சந்தா 6,000 என்றால் எட்டு மாதத்தில் அவர்களுக்குப் போவது 53,000 ரூபாய். தவணையை நிறுத்தியதால் மாதம் ஆறு ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகும். ஒரு பவுன்ஸுக்கு 500 என்று வைத்தாலும் எட்டு மாதத்தில் 24,000. உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கி பிடிப்பது தனி, ஏறும் வட்டி தனி. ஆக 77,000 ரூபாய் போன பிறகும் அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது.

அந்த எட்டு மாதமும் அவர்கள் செய்வது பெரும்பாலும் காத்திருப்பதுதான். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். அதன்பின் பல வங்கிகள் தாங்களே கடன்தாரரை அழைத்து செட்டில்மென்ட் பேசும். சமரசத் தீர்வுக்கு ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனிலேயே சொல்லிவிட்டது. நீங்களே கிளைக்கு எழுதிக் கேட்கக்கூடிய ஒன்றுக்குத்தான் இடைத்தரகர் சந்தா வாங்குகிறார். குறைத்துக் கட்டி "செட்டில்ட்" என்று முடியும் கடன், முழுதாகக் கட்டி "குளோஸ்ட்" என்று முடியும் கடனுக்குச் சமமாகாது, சிபில் அறிக்கையில் பல ஆண்டு நிற்கும் என்பதையும் அவர் சொல்ல மாட்டார்.

"இது சிவில் விஷயம், ஒன்றும் ஆகாது" என்பதும் பாதி உண்மைதான். பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரும். ஆட்டோ டெபிட் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டு பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் அதேபோல வழக்குப் போடலாம்; இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். பழைய சிம்மைக் கழற்றியவருக்கு வங்கியின் எச்சரிக்கையும் வராது, வழக்குத் தகவலும் வராது.

இன்னும் மோசமானது போலி என்ஓசி, அதாவது கடன் முடிந்தது என்று வங்கி தருவதைப் போன்ற பொய்க் கடிதம். வங்கியின் லோகோ, ரப்பர் ஸ்டாம்ப், "42,000 கட்டினால் கணக்கு முடியும், இன்று மாலை வரை மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். உற்றுப் பாருங்கள்: கடன் கணக்கு எண் இருக்காது, அல்லது ஓர் இலக்கம் மாறியிருக்கும், பணம் போக வேண்டிய யுபிஐ தனிநபர் பெயரில் இருக்கும், அனுப்பிய மின்னஞ்சல் இலவச ஜிமெயில். உண்மையான கடிதத்தில் கணக்கு எண், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி நான்கும் இருக்கும். பணம் கடன் கணக்குக்கே போகும். வங்கியின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதி செய்யாமல் கட்டாதீர்கள்.

சூதாட்டக்காரருக்கென்றே தனியாகச் சொல்லும் பொய் ஒன்று உண்டு: "சூதாட்டக் கடன் சட்டப்படி செல்லாது." 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்வது, பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்பதுதான். வங்கியில் வாங்கிய தனிநபர் கடனை நீங்கள் ரம்மியில் விட்டீர்கள் என்பதற்காக அது செல்லாமல் போகாது. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாம் என்பவர்களும் முழுதாகச் சொல்வதில்லை. 1920-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில், சூதாட்டத்தால் திவாலானவருக்கு நீதிமன்றம் முழு விடுவிப்பு தராமல் மறுக்க இடம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குபவருக்கு அந்தக் கவலை இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த பிறகு புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "உங்கள் வாலட்டில் நின்றுபோன பணத்தை எடுத்துத் தருகிறோம், 30 சதவீத வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பார்கள். ஜெயித்த பணத்துக்கான அந்த வரி, தொகையைத் தரும்போதே பிடித்துக்கொள்ளப்படுவது. தனியாக முன்பணமாக யாருக்கும் கட்டுவதல்ல. திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொன்னால் உடனே போனை வையுங்கள்.

மறுவாழ்வு மையங்கள் விஷயத்தில் குடும்பத்தார்தான் ஏமாறுகிறார்கள். குடிநோயாளிகளுக்கான மையத்தில் சூதாட்டக்காரரையும் மூன்று மாதம் அடைத்து வைத்து, போனைப் பிடுங்கி வைப்பதையே சிகிச்சை என்கிறார்கள். வெளியே வந்ததும் போன் கைக்கு வரும், பழைய கடன் வட்டியோடு நிற்கும், ஆட்டமும் திரும்பும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மையத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். சங்கிலியில் கட்டுவது குற்றம். பதிவுச் சான்றைக் கேளுங்கள், மனநல மருத்துவர் யார் என்று கேளுங்கள். சூதாட்டக் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள நோய். பெரும்பாலானவர்களுக்கு வெளிநோயாளியாக வந்துபோனாலே போதும். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆகியவற்றில் காட்டலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கடனைப் பற்றிய பேச்சையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் 14416 அல்லது 104-ஐ அழையுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

சரியான வரிசை இந்த இடைத்தரகர்கள் சொல்வதற்கு நேர்மாறானது. கடனைப் பேசுவதற்கு முன் பணம் கைக்கு வரும் வழியை அடைக்க வேண்டும். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு மனைவியிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். யுபிஐ நாள் வரம்பை வீட்டுச் செலவு அளவுக்குக் குறையுங்கள், கிரெடிட் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். டெலிகிராம் வழியாக வரும் ஆட்ட ஆப்புகளை நீக்குங்கள். இதைச் செய்யாமல் அப்பா நிலத்தை விற்று மொத்தக் கடனையும் அடைத்தால், காலியான கார்டு வரம்பு முழுதும் மறுபடி ஆட்டத்துக்குத்தான் போகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் வேலை அது. பண உதவி செய்ய வரும் உறவினர்கள் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கையில் தராமல் கடன் கணக்குக்கே நேரடியாகக் கட்டட்டும்.

அடுத்து ஒரு நோட்டு. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்தால் மறந்த கடனும் வெளியே வரும். யாரிடம், அசல், வட்டி, தேதி, செக்கோ நகையோ கொடுத்திருக்கிறதா என்று எழுதுங்கள். சாப்பாடு, வாடகை, பள்ளிக் கட்டணம் முதலில். பிறகு ஏலத்துக்குப் போகக்கூடிய நகை, அதற்குப் பின் செக் கொடுத்த கடன். அடமானம் இல்லாத வங்கிக் கடனுக்குத் தவணையைக் குறைத்து நீட்டிக்கக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது, உறவினரை மிரட்டக் கூடாது. மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448. வங்கியோடு ஒரே அமர்வில் பேசி முடிக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 15100.

ஏற்கெனவே இடைத்தரகரிடம் கட்டிவிட்டீர்களா? போலிக் கடிதத்தை நம்பிப் பணம் போயிருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க அப்போதுதான் வாய்ப்பு. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அவர்களுடைய மாதச் சந்தாவை ரத்து செய்யுங்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்வதாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைக் கடன் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. பலரும் பார்க்கத் தவறுவது ஒன்று: உங்கள் கடன் கணக்குகளில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அவர்கள் தங்களுடையதாக மாற்றியிருக்கலாம். ஒவ்வொரு வங்கியிலும் கேட்டு, உங்கள் எண்ணுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.