ஜெர்மனியில் பிஎச்டி இடம் வாங்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்: என் 85,000 ரூபாய் போச்சு

ஏமாந்துவிட்டோம் என்று நேற்று சாயங்காலம்தான் உறுதியாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொரு பெண் அந்தப் படியேறக் கூடாது என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி, திருநெல்வேலி பக்கம். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஒரு கன்சல்டன்சி, முழு ஸ்காலர்ஷிப்போடு ஜெர்மனியில் பிஎச்டி என்று விளம்பரம் போட்டிருந்தது. அப்பாவும் நானும் போனோம். அங்கிருந்த மேடம் என் மார்க்‌ஷீட்டைப் பார்க்கும் முன்பே அப்பாவுக்கு டீ வரவழைத்தார். "உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி அண்ணாச்சி. ரெண்டு ப்ரொஃபசர்கிட்ட ஏற்கெனவே பேசி வெச்சிருக்கோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார், நானும்தான். அம்மாவின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணம் கட்டினோம். பதிவுக்கு 25,000, ஸ்காலர்ஷிப் 'ப்ராசஸிங்' என்று 60,000. மொத்தம் 85,000 ரூபாய்.

ஒரு மாதம் கழித்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். எனக்கென்றே தேடி எடுத்த 40 இடங்களாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி. நேற்றுதான் அதை டைப் பண்ணிப் பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மன் அமைப்பான டிஏஏடியின் பிஎச்டி இடங்கள் பட்டியல் அது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்!

போன் செய்தால் முதலில் "ப்ரொஃபசர் லீவுல இருக்கார்". அப்புறம் "ஃபைல் யுனிவர்சிட்டில இருக்கு". அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், அன்று டீ கொடுத்த அதே மேடம் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அப்ளை பண்றது மட்டும்தான் எங்க வேலை, செலக்‌ஷனுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். ரசீதில் 'கவுன்சலிங் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. கட்டிய அன்று நாங்கள் படிக்கவில்லை.

கடைசியில் பட்டியலில் இருந்த ஒரு பேராசிரியருக்கு நானே எழுதினேன். என் பெயரில் ஏற்கெனவே வந்திருந்த கடிதத்தை அவர் எனக்குத் திருப்பி அனுப்பினார். நான் ப்ராஜெக்ட் செய்தது தாமிரச் சேர்மங்களில். அந்தக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே யாரோ ஒருவரின் பேட்டரி ஆராய்ச்சி! மேலே வேறொரு பேராசிரியரின் பெயர். 85,000 ரூபாய்க்கு இதுதான் வேலை.

ஜெர்மனியில் வழிகாட்டும் பேராசிரியர் நம்மை ஏற்க வேண்டும், அல்லது ஒரு முனைவர் பட்டத் திட்டத்தின் தேர்வில் நாம் தேற வேண்டும். நடுவில் ஏஜென்ட்டுக்கு இடமே இல்லை. பல பிஎச்டி இடங்கள் சம்பளத்தோடு வரும் வேலைகள்தான். ஈ13 என்ற அரசுச் சம்பள நிலையில் பாதி, மூன்றில் இரண்டு பங்கு என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். டிஏஏடி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அம்மாவின் கையில் வளையல் இருந்திருக்கும்.

எப்படி விண்ணப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் கேளுங்கள். பேராசிரியருக்கு உங்கள் மெயிலிலிருந்து நீங்களே எழுதுங்கள். டிஏஏடி, ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளைப் போடும் யூராக்ஸஸ், மாக்ஸ் பிளாங்க் என்ற ஜெர்மன் ஆராய்ச்சி நிறுவனம், இவற்றின் இணையப் பக்கங்களை நீங்களே தேடுங்கள். "பேசி வெச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டும் முன் ரசீதைப் படியுங்கள்.

திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி கட்டி ஏமாந்தவர்கள் எங்கள் பக்கம் இருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள், சேர்ந்தே போவோம்.