கின்னிக் ஸ்டேடியம் சீசன் டிக்கெட் ரிவ்யூ: வாங்கலாம், கோச்சையும் மாத்த வேணாம்

அயோவா சிட்டிக்கு புதுசா வர்ற நம்ம ஆளுங்க ஹாக்கைஸ் டீம் பத்தி மூணு விஷயத்தை ஒண்ணாத்தான் கேப்பாங்க, ஹோம் மேட்ச் டிக்கெட் வாங்கலாமா, ஆட்டம் போரடிக்கும்னு சொல்றாங்களே நிஜமா, 70 வயசு ஆன கோச்சை இன்னும் ஏன் வச்சிருக்காங்க. அதனால ரிவ்யூவையும் ஒண்ணாவே எழுதிடுறேன். இது அமெரிக்கன் ஃபுட்பால், அயோவா யுனிவர்சிட்டி டீம், பிக் டென் கான்ஃபரன்ஸ்ல, அதாவது யுனிவர்சிட்டி டீம்களோட ஒரு லீக்ல, ஆடுறாங்க.

முதல்ல ஸ்டேடியம். 1929ல கட்டுனது, 69,250 பேர் உக்காரலாம், பெரும்பாலும் பெஞ்ச் சீட்டுதான், நெருக்கியடிச்சுதான் உக்காரணும், பை கொண்டு போனா உள்ள இருக்கறது வெளிய தெரியிற பையா இருக்கணும். பேரு நைல் கின்னிக்கோடது, 1939ல ஹைஸ்மன் டிராஃபி, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் பிளேயர் விருது, ஜெயிச்ச இந்த டீம் பையன், 1943ல நேவி ட்ரெய்னிங் விமானத்துல போனவரு திரும்பி வரல. முதல் குவார்ட்டர் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சு பக்கத்துல இருக்கற குழந்தைங்க ஆஸ்பத்திரி மேல்மாடியைப் பாத்து கை ஆட்டுவாங்க, ஜன்னல்ல நிக்கிற குழந்தைங்க திருப்பி ஆட்டுவாங்க, ரெண்டு டீம் பிளேயர்ஸும் ரெஃப்ரீக்களும் சேர்ந்துதான். 2017லதான் ஆரம்பிச்சது. ஃபுட்பால் ரூல் ஒண்ணு கூட தெரியாதவங்களுக்கும் இது ஒண்ணுக்காகவே ஒரு தடவை போகலாம்னு நான் மனசார சொல்வேன்.

இப்ப ஆட்டத்துக்கு வருவோம், அதாவது கோச்சுக்கு, ஏன்னா இங்க ரெண்டும் ஒண்ணுதான். கர்க் ஃபெரென்ட்ஸ் 1999ல ஹேடன் ஃப்ரைக்கு அப்புறம் பொறுப்புக்கு வந்தாரு, முதல் சீசன் 1 ஜெயிப்பு 10 தோல்வி, அடுத்தது 3-9, இன்னைக்கு இருக்கற காலேஜ் ஃபுட்பால்ல அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, ஆனா இவங்க பொறுத்தாங்க, 2002ல 11-2 ஆடுனாரு. 2002லயும் 2004லயும் பிக் டென் டைட்டில் பங்கு, 2009 சீசன்ல ஆரஞ்ச் பவுல் வெற்றி (பவுல்னா சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடுன டீம்களுக்கு வைக்கிற மேட்ச்), 2015ல ரெகுலர் சீசன் முழுக்க தோக்காம 12-0. 2025 செப்டம்பர்ல மாசசூசெட்ஸை 47-7னு அடிச்சப்ப அது அவரோட 206வது ஜெயிப்பு, ஒஹையோ ஸ்டேட்டோட வுடி ஹேய்ஸ் வச்சிருந்த 205ஐ தாண்டி பிக் டென் கோச்கள்லயே அதிகம் ஜெயிச்சவரு ஆனாரு.

இவ்ளோ இருந்தும் ஏன் மாத்தச் சொல்றாங்கன்னா 2022ம் 2023ம் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். 2022 முதல் மேட்ச், சவுத் டகோட்டா ஸ்டேட், அயோவா 7-3ல ஜெயிச்சது, அந்த 7 பாயின்ட் எப்படி வந்துச்சுன்னா டச்டவுன் இல்ல, ஒரு ஃபீல்டு கோல் 3, அப்புறம் டிஃபென்ஸ் எடுத்துக் குடுத்த சேஃப்டி ரெண்டு, சேஃப்டின்னா பந்து வச்சிருக்கற எதிராளியை அவங்க கோட்டுக்குப் பின்னாடியே மடக்குறது, ஒவ்வொண்ணுக்கும் 2 பாயின்ட். 2023ல அஃபென்ஸ், அதாவது பந்தை வச்சு முன்னேறி பாயின்ட் எடுக்க வேண்டிய பாதி டீம், யார்டு கணக்குல டாப் டிவிஷன்லயே கடைசி, சராசரி 15 பாயின்ட் சொச்சம், ஆனா 10 மேட்ச் ஜெயிச்சாங்க! அந்த வருஷம் ஹீரோ யாருன்னா டோரி டெய்லர்னு ஆஸ்திரேலியாக்காரரு, பன்ட்டர், அதாவது அஃபென்ஸால முன்னேற முடியாதப்ப பந்தை எதிராளி பக்கம் தூரமா உதைச்சு விடுறவரு, ஒரே சீசன்ல 4,479 யார்டு உதைச்சு தேசிய ரெக்கார்டு வச்சாரு. டெஸ்ட் மேட்ச்ல டிராவிட் நாள் முழுக்க கட்டை போட்டு எதிராளியை களைக்க வைக்கிறத ரசிச்சவங்களுக்கு இது பிடிக்கும், சிக்ஸர் மட்டும் எதிர்பாக்குறவங்களுக்கு பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபில் பார்க்கர் நடத்துற டிஃபென்ஸ் ஒவ்வொரு பிளேயிலயும் எல்லாரும் சரியான எடத்துல நிக்கிறத மேல இருந்து பாத்தா அதுவே காசுக்கு ஈடு.

ஆனா அஃபென்ஸை அப்ப நடத்துனது யாரு? கோச்சோட சொந்தப் பையன் பிரையன் ஃபெரென்ட்ஸ். 2017லருந்து அவருதான், 2023ல சம்பளத்தைக் குறைச்சு சராசரி 25 பாயின்ட் எடுக்கணும்னு காண்ட்ராக்ட்லயே எழுதுற நிலமைக்கு வந்துச்சு, கடைசில அக்டோபர்ல பெத் கோயட்ஸ், அப்ப தற்காலிக அத்லெடிக் டைரக்டர், இந்த சீசனோட சரின்னு அறிவிச்சாங்க. பாருங்க, இது அப்பாவே ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சிருக்க வேண்டிய வேலை. அந்த சீசன் பிக் டென் ஃபைனல்ல மிச்சிகன் கிட்ட 26-0, பவுல் மேட்ச்ல டென்னஸி கிட்ட 35-0, ரெண்டுலயும் ஒரு பாயின்ட் கூட இல்ல, அவ்ளோ நல்ல டிஃபென்ஸை வீணடிச்சதா நெனச்சா இன்னும் கோவம் வருது.

அதை விட பெரிய விஷயம் 2020. முன்னாள் கறுப்பின பிளேயர்ஸ் வரிசையா வெளிய வந்து இந்த டீம்ல எங்கள எப்படி நடத்துனாங்கன்னு பேசுனாங்க, ஸ்ட்ரெங்த் கோச் கிறிஸ் டாய்ல் போனாரு, அதுவும் 11 லட்சம் டாலர் வாங்கிட்டு, அந்த பிளேயர்ஸ்ல சிலர் போட்ட கேஸ் 2023ல 41 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு செட்டில் ஆச்சு. ஃபெரென்ட்ஸை அனுப்பணும்னா நியாயமான காரணம் இதுதான், பாயின்ட் குறைவு இல்ல. தலைமைக் கோச்சா அத்தனை வருஷம் இருந்தவருக்கு தன் வீட்டுக்குள்ள நடந்தது தெரியலன்னா அதுவும் அவர் பொறுப்புதான். அப்ப அனுப்பியிருந்தா நான் எதிர்த்திருக்க மாட்டேன்.

ஆனா இன்னைக்கு கேள்வி வேற. இன்னைக்கு மாத்தணுமான்னா, வேணாம்னுதான் சொல்வேன், அதுக்கு பக்கத்து ஸ்டேட்டைப் பாருங்க. நெப்ராஸ்கா 2003ல ஃபிராங்க் சோலிச்சை அனுப்புனாங்க, அந்த சீசன் 9-3, மொத்தம் 58-19, போதாதுன்னாங்க. அப்புறம் கேலஹன், பெலினி, ரைலி, ஃப்ராஸ்ட், இப்ப ரூல். நடுவுல பெலினியையும் 9 ஜெயிப்போட அனுப்பிட்டாங்க. 1999க்கு அப்புறம் கான்ஃபரன்ஸ் டைட்டில் கெடையாது, 2017லருந்து தொடர்ச்சியா ஏழு சீசன் பவுல் மேட்சே கெடையாது. 9 ஜெயிப்பு சாதாரணம்னு நெனக்கிற ஊருக்கு 4 ஜெயிப்பு எப்படி இருக்கும்னு அங்க கேட்டா சொல்வாங்க.

இண்டியானாவைப் பாருன்னு திருப்பி கேக்குறாங்க, கேக்க வேண்டிய கேள்விதான். 2023ல டாம் ஆலனை அனுப்பிட்டு சிக்னெட்டியை கொண்டு வந்தாங்க, ரெண்டே வருஷத்துல நேஷனல் சாம்பியன். ஆனா ஆலனோட கடைசி சீசன் 3-9, அங்க இழக்க ஒண்ணுமில்ல. அயோவால நிறைய இருக்கு. அதோட அந்த சாம்பியன் இண்டியானா 2025 செப்டம்பர்ல கின்னிக் வந்து 20-15னு தப்பிச்சுத்தான் போச்சு, நவம்பர்ல ஆரிகன் கடைசி நொடிகள்ல ஃபீல்டு கோல் அடிச்சு 18-16. ரெண்டும் தோல்விதான், இல்லங்கல, ஆனா கடைசி நிமிஷம் வரை யாரும் சீட்ட விட்டு எந்திரிக்கல. பென் ஸ்டேட்டை 25-24னு ஜெயிச்சது, பழைய எதிரி மின்னசோட்டாவை 41-3னு நொறுக்குனது எல்லாம் அதே சீசன், அதே கின்னிக்லதான். டிம் லெஸ்டர் 2024ல அஃபென்ஸுக்கு வந்ததுலருந்து ஆட்டம் பாக்கவே வேற மாதிரி இருக்கு, அவரோட முதல் சீசன்லயே கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன் போட்டாரு. கெட்டுப்போன பார்ட்டை மாத்தியாச்சு, வண்டி ஓடுது.

கோச்சோட காண்ட்ராக்ட் 2029 வரை இருக்கு. நான் கேக்குறது ஒண்ணுதான், இப்ப நிரந்தர அத்லெடிக் டைரக்டரா இருக்கற கோயட்ஸ் மேடம் இப்பவே அவரோட உக்காந்து எப்ப விடப்போறாருன்னு ஒரு தேதியைப் பேசி முடிக்கணும், அடுத்த ஆளை தேர்ந்தெடுக்குற உரிமை யுனிவர்சிட்டி கைலதான் இருக்கணும், ஃபெரென்ட்ஸ் குடும்பத்து கைல இல்ல. திடீர்னு ஒரு டிசம்பர்ல அவர் போயிட்டா பார்க்கரும் போவாரு, பிளேயர்ஸ் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல வேற காலேஜுக்கு போவாங்க, 27 வருஷம் கட்டுனது ஒரே மாசத்துல காலி ஆயிடும், அந்த பயம் எனக்கு நிஜமா இருக்கு.

5க்கு 4 குடுக்குறேன். முழு சீசன் வேணாம்னா செப்டம்பர்ல சின்ன காலேஜ் வர்ற மேட்ச் ஒண்ணு எடுங்க, வழக்கமா டிக்கெட் மலிவா கெடைக்கும், வெயில் இருக்கும், குழந்தைங்களை கூட்டிட்டுப் போகலாம். நெஜ அயோவா ஃபுட்பால் பாக்கணும்னா நவம்பர் பிக் டென் மேட்ச்தான், தெர்மல் ரெண்டு அடுக்கு போட்டுக்கோங்க, பெஞ்ச் மேல விரிக்க ஒரு போர்வை எடுத்துக்கோங்க, முதல் குவார்ட்டர் முடியறதுக்குள்ள சாப்பாட்டு க்யூல போய் மட்டும் நின்னுடாதீங்க.