நாற்பது அடி என்றால் எத்தனை அடி?

பூங்காவில் நாங்கள் தேடிப் பிடித்த லெட்டர்பாக்ஸ் பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை மார்க் தருகிறேன். அதைத் தேடிப் போக எழுதி வைத்திருந்த குறிப்புக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. முப்பது வருஷம் சர்வேயராகக் காலம் தள்ளியவன் நான். அளவு விஷயத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெட்டர்பாக்ஸ் தேடப் போகிறோம் என்றதும் தம்பி மகள் சிவப்புத் தபால்பெட்டியை நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒன்பது வயது. இது வேறு, பூங்காவில் யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, போய்ச் சேரும் வழியைப் புதிராக எழுதி வைத்திருப்பார் என்று விளக்கினேன். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் நோட்டும் இருக்கும். நம் முத்திரையை அந்த நோட்டில் குத்த வேண்டும், அங்கே இருக்கும் முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். வேறு எதையும் எடுத்து வரக் கூடாது.

"அப்போ பரிசு என்ன பெரியப்பா?"

"அந்த முத்திரைதான்."

முகம் சுண்டிப் போய்விட்டது.

குறிப்பு நாலே வரி. "நிழல் விடாத பாதையில் போ. இரும்பு ஆசனத்தில் அமர்ந்து 140 பார். நாற்பது அடி." 140 என்பது காம்பஸ் காட்டும் திசை, வடக்கிலிருந்து வலமாக 140 டிகிரி. நாலாவது வரிதான் விடை, அதை நான் சொல்லப் போவதில்லை. முதல் வரியிலேயே ஒரு சிக்கல். காலை எட்டு மணிக்கு எந்தப் பாதையில்தான் நிழல் இல்லை? இரண்டு பாதைகளில் போய்த் திரும்பி, மூன்றாவதில்தான் பெஞ்சைப் பார்த்தோம்.

நல்ல கனமான வார்ப்பிரும்பு பெஞ்ச். அதில் உட்கார்ந்து காம்பஸைக் கையில் வைத்தால் முள் எங்கே வடக்கைக் காட்டும்? இரும்பு இழுக்கிற பக்கம் சாய்கிறது. எழுந்து தள்ளிப் போய்ப் பார்த்தால் 15 டிகிரிக்குக் குறையாமல் வித்தியாசம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. பெஞ்சிலிருந்து 140 என்றால், எதிரே நின்று பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்போது நேர் எதிர்த்திசை, அதாவது 180 கூட்டி 320 வர வேண்டும். பத்து எட்டு தள்ளிப் போய், இடமும் வலமுமாக நகர்ந்து, 320 வந்த இடத்தில் செருப்பை அடையாளமாக விட்டேன். கோடு கிடைத்துவிட்டது. துல்லியமான கோடு.

அதில் டேப் பிடித்து 40 அடி அளந்தோம். 12 மீட்டர் சொச்சம். வெறும் புல்தரை. ஒருவேளை அடி என்றால் காலடியோ என்று நாற்பது தப்படி நடந்தேன். என் நடைக்கு அது 30 மீட்டர். அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. லெட்டர்பாக்ஸ் வைப்பவர்களில் சிலர் இரண்டு காலடியைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவதும் உண்டு. அதையும் பார்த்துவிடலாம் என்று 60 மீட்டர் போனால், வேலியே வந்துவிட்டது.

"பெரியப்பா, எழுதினவரும் அந்த பெஞ்ச்சிலதானே உட்கார்ந்து பார்த்திருப்பாரு?"

ஆமாம். அவர் காம்பஸையும் அதே இரும்புதானே இழுத்திருக்கும்? திரும்பி வந்து, பிசகிய முள்ளை அப்படியே நம்பி, அது காட்டிய 140-ல் நாற்பது காலடி வைத்தோம். 30 மீட்டர் தூரத்துக்கு 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 8 மீட்டர் விலகும். குப்பைத்தொட்டிக்கு 8 மீட்டர் இடப்பக்கம், நாலாவது வரி சொன்னது கண்ணெதிரே நின்றது.

ஒளித்திருந்த இடம் அருமை. கையை விடுவதற்கு முன் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டிய இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மண்ணைத் தோண்டவில்லை, செடியைக் கிள்ளவில்லை, ஒரு கல்லை நகர்த்தினால் போதும். தோட்டக்காரர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் நகரும்வரை ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்தே இருந்தோம். எனக்கு ஷூவே கிடையாது, செருப்புதான்.

ஸ்டாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் செய்து வாங்கியது இல்லை, கையால் ரப்பரில் செதுக்கியது. ஓர் ஆந்தை. மார்பு இறகு ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு, கண்ணைச் சுற்றி மயிரிழை மாதிரி கோடுகள். கீழே "ஆந்தை" என்று பெயர். ஆனால் எழுத்தைத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டார், அச்சில் கண்ணாடிப் பிம்பமாக விழுகிறது. நான் பிழை என்றேன், அவள் ரகசிய எழுத்து என்றாள். பரிசு பற்றிய பேச்சே அப்புறம் வரவில்லை.

இரண்டு கவருக்குள் இருந்ததால் நோட்டில் ஈரமில்லை. எங்களுக்கு முன்னால் பதினொரு முத்திரைகள். எங்களுக்கென்று ஸ்டாம்ப் இல்லாததால் அவள் கட்டைவிரல் ரேகையை வைத்தாள். 1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அங்கே வரை நடந்து வந்தவர்கள் விசிட்டிங் கார்டு போட வழி செய்தார். அதிலிருந்து கிளைத்த பழக்கம் இது. பிறகு அங்கே முகவரி எழுதிய தபால் அட்டையைப் பெட்டியில் விட்டுவிட்டு வருவார்களாம். அடுத்து வருபவர் எடுத்துத் தபாலில் சேர்ப்பார். ஆக, தபால்பெட்டி என்று அவள் நினைத்ததும் அப்படியொன்றும் தப்பில்லை.

அரை மார்க் குறைத்தது டப்பாவில் இருந்த இங்க் பேடுக்காக. காய்ந்து கட்டியாகிவிட்டது. நீங்கள் போனால் சொந்தமாக ஒன்று எடுத்துப் போங்கள்.

குறிப்பு எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள். "அடி"யை மாற்றிவிடுங்கள். "எட்டு" என்று போட்டாலும் ஆபத்துதான், "நாற்பது எட்டு" நாற்பத்தெட்டா என்று இன்னொருவர் கிளம்புவார். "காலடி" போதும். 140-ஐ மட்டும் தொடாதீர்கள். தேடிப் போகிறவர்களும் என்னைப் போல் எழுந்து போய் அளக்காமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாருங்கள்.